பொலோஞாவில் ஒரே அறை, சுற்றிலும் நான்கு ஊர்: எமிலியா-ரொமாஞாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

இத்தாலிக்கு முதல்முறை போகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: ரோம் மூன்று நாள், ஃப்ளோரன்ஸ் இரண்டு, வெனிஸ் இரண்டு. ஏழு நாளில் மூன்று விடுதி. ஒவ்வொரு முறையும் காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் பிற்பகல் மூன்றுக்குத்தான் சாவி தருவார்கள். நடுவிலுள்ள ஐந்து மணி நேரம் பெட்டியை இழுப்பதிலேயே போய்விடும்.

இதற்கு நல்ல மாற்று, வட இத்தாலியின் எமிலியா-ரொமாஞா மாநிலம். அதன் தலைநகர் பொலோஞாவில் ஓர் அறையை ஐந்து இரவுக்கு எடுங்கள். தினமும் காலையில் சாதாரண ரயிலேறி ஓர் ஊரைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். பெட்டி அறையிலேயே கிடக்கும்.

இது இங்கே கைகூடுவதற்குக் காரணம் ஒரு பழைய சாலை. கி.மு. 187இல் ரோமானிய அதிகாரி எமிலியஸ் லெபிடஸ் ரிமினியிலிருந்து பியாச்சென்ஸா வரை, சமவெளியில் கிட்டத்தட்ட நேர்கோடாக ஒரு சாலை போட்டார். மாநிலத்தின் பெயரில் உள்ள எமிலியா அந்தச் சாலையின் பெயர்தான். ஃபயென்ஸா, இமோலா, பொலோஞா, மோதெனா, ரெஜ்ஜோ எமிலியா, பார்மா எல்லாம் அந்தச் சாலையில் மணி கோத்தாற்போல் வரிசையாக நிற்கின்றன. பின்னால் வந்த ரயில் பாதையும் சாலையை ஒட்டியே ஓடுகிறது. பொலோஞாவிலிருந்து மோதெனாவுக்குச் சாதாரண ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பார்மாவுக்கு ஒரு மணி நேரம். சாலையை விட்டு விலகியிருக்கும் ஃபெர்ராராவுக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி, ரவென்னாவுக்கு ஒன்றேகால் மணி. அதிவேக ரயிலில் ஃப்ளோரன்ஸ் நாற்பது நிமிடத்தில் வந்துவிடும் என்பதால், அதையும் ஒரு பகலில் பார்த்துவிட்டு வரலாம்.

எப்போது போவது

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடியும் வரையும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் போ நதிச் சமவெளி 35 டிகிரியைத் தாண்டும். காற்று அசையாது, ஈரம் ஒட்டும். சென்னை வெயிலைத் தாங்குகிறவர்கள்கூட அங்கே சோர்ந்துபோவது, பல பழைய கட்டடங்களில் குளிர்சாதனமோ மின்விசிறியோ இல்லாததால்தான். ஆகஸ்ட் 15 அவர்களுக்குப் பெரிய விடுமுறை. அதை ஒட்டி இரண்டு மூன்று வாரம் குடும்பங்கள் நடத்தும் நல்ல உணவகங்கள் பல சாத்திக் கிடக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை மூடுபனி. சாப்பிடுவதற்காகவே போகிறீர்கள் என்றால் அதுவும் நல்ல காலம்தான், ஏனென்றால் இந்த ஊரின் சிறந்த உணவுகள் குளிர்காலத்துக்கானவை.

மாதத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது வணிகக் கண்காட்சிகளின் நாட்காட்டி. பொலோஞா பெரிய கண்காட்சி நகரம். மார்ச்சில் அழகுசாதனக் கண்காட்சி, வசந்தத்தில் சிறுவர் நூல் கண்காட்சி, செப்டம்பர் கடைசியில் ஓடு, குளியலறைப் பொருட்களின் கண்காட்சி. அந்த வாரங்களில் அறை வாடகை இரண்டு மூன்று மடங்காகும். தேதியை மாற்ற முடியாதென்றால் மோதெனாவிலோ ஃபெர்ராராவிலோ தங்கி, இதே திட்டத்தை அங்கிருந்து நடத்தலாம். ரயில் அதேதான்.

விசா, விமானம்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா தேவை. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. அத்துடன் முகவருக்கான சேவைக் கட்டணமும் சேரும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாள் முன்பு என்பது சட்டப்படிக் கடைசி எல்லை. அதை நம்பாமல் இரண்டு மாதம் விட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, தங்கும் இடத்தின் முன்பதிவு ஆகியவற்றைக் கேட்பார்கள். ஒரே ஊரில் தங்குவதால் விடுதித் தாள் ஒன்றே போதும். ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் பதிவு செய்யுங்கள். விசா தாமதமானாலும் பணம் போகாது.

சென்னையிலிருந்து துபாய் வழியாக எமிரேட்ஸில் பொலோஞாவுக்கே நேராக வந்து இறங்கலாம். மிலான் மல்பென்சாவில் இறங்கினால் அங்கிருந்து மிலான் சென்ட்ராலே நிலையத்துக்கு ஒரு ரயில், பிறகு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். விமானம் தாமதமாகலாம் என்பதால், வந்திறங்கும் நாளுக்கு மாற்ற முடியாத மலிவு அதிவேகச் சீட்டை வாங்காதீர்கள்.

பொலோஞா விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு மார்க்கோனி எக்ஸ்பிரஸ் என்ற ஒற்றைத் தண்டவாள வண்டி ஏழெட்டு நிமிடத்தில் கொண்டுபோய் விடும். ஒருவழிக் கட்டணம் சுமார் 13 யூரோ. வங்கி அட்டையை வாயிலில் தட்டினாலே கதவு திறக்கும். மூன்று நான்கு பேராகப் போனால் டாக்சியின் செலவைக் கேட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் அதற்குச் சமமாக வரும், விடுதி வாசலிலேயே இறக்கியும் விடுவார்கள்.

அறை எடுப்பது

ரயில் நிலையத்துக்கும் பெரிய சதுக்கமான பியாஸ்ஸா மஜ்ஜோரேவுக்கும் நடுவே, வியா இந்திபெந்தென்ஸா என்ற நேர்ச்சாலையின் இருபுறமும் தேடுங்கள். நிலையத்துக்கும் சதுக்கத்துக்கும் நடந்தால் இருபது நிமிடம். வழி முழுக்கத் தூண் வரிசை வைத்த நடைக்கூரை இருப்பதால் மழையிலும் குடை வேண்டாம். நகரில் இப்படிப்பட்ட நடைக்கூரைகள் பல பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு உள்ளன. 2021இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பல்கலைக்கழகத் தெருக்களில் அறை மலிவாகக் கிடைக்கும், ஆனால் இரவு இரண்டு மணி வரை மாணவர்களின் சத்தம் இருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்தப் பகுதியைத் தவிர்ப்பது நல்லது.

பதிவு செய்யுமுன் நான்கு விஷயம் பாருங்கள். முதலாவது, மின்தூக்கி. பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி என்றால் 60, 70 படிகள் ஏற வேண்டியிருக்கும். அறிவிப்பில் 'அஷென்சோரே' என்ற சொல் இல்லையென்றால் எழுதிக் கேட்டுவிடுங்கள். இரண்டாவது, கோடையில் குளிர்சாதனம். மூன்றாவது, வீடோ தனி அறையோ எடுத்தால் அதன் அறிவிப்பில் 'சின்' என்ற தேசிய அடையாள எண் இருக்கிறதா என்பது. 2025 ஜனவரி முதல் இது கட்டாயம். எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். போலி அறிவிப்புகளைக் கண்டுபிடிக்க இதுவே எளிய வழி. நான்காவது, தங்கல் வரி. ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கிடும் இந்த வரி பெரும்பாலும் இணையத்தில் காட்டும் விலையில் சேர்ந்திருக்காது. அறைக்கு வந்தபின் தனியாக வாங்குவார்கள். ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம், ரசீது கேளுங்கள். தொகை ஊருக்கு ஊர், அறை விலைக்கு விலை மாறும்.

விடுதியில் கடவுச்சீட்டை வாங்கிப் பதிவார்கள். விருந்தினர் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது அவர்களின் சட்டக் கடமை. பதிந்ததும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயில்: தவறுகள் இங்கேதான் அதிகம்

இத்தாலியில் உங்களுக்கு வேண்டியது இரண்டு வகை ரயில். ஃப்ரெச்சாரோஸ்ஸா, இத்தாலோ என்ற அதிவேக ரயில்களில் இருக்கை எண் உண்டு, விலை ஏறி இறங்கும்; முன்கூட்டி வாங்கினால் மலிவு. 'ரெஜொனாலே' என்ற வட்டார ரயிலில் இருக்கை எண் கிடையாது, கட்டணம் தூரத்துக்கேற்ப நிலையானது. ஒரு மாதம் முன்பு வாங்கினாலும் ஐந்து நிமிடம் முன்பு வாங்கினாலும் அதே விலைதான். மோதெனாவுக்கும் ஃபெர்ராராவுக்கும் 5 யூரோ அளவிலும், பார்மாவுக்கும் ரவென்னாவுக்கும் 8 யூரோ அளவிலும் வரும். இந்த நான்கு ஊருக்கும் வட்டார ரயிலே போதும். மோதெனாவுக்கு அதிவேக ரயில் தேட வேண்டியதில்லை.

ஒரு நாள் பயணத்தை இப்படி நடத்துங்கள்:

1. முந்தின இரவு ட்ரெனித்தாலியா என்ற ரயில் நிறுவனத்தின் செயலியில் நேரம் பாருங்கள். உங்கள் ரயிலின் எண்ணையும், அது கடைசியாகப் போய்ச் சேரும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலையப் பலகையில் கடைசி ஊரின் பெயர்தான் பெரிதாக இருக்கும். மோதெனா போகிறவர் மிலான், பியாச்சென்ஸா, பார்மா என்று எழுதியிருக்கும் ரயில்களில் தேட வேண்டும். ஃபெர்ராரா போகிறவர் வெனிஸ் ரயில்களில். தன் ஊர்ப் பெயரையே பலகையில் தேடி நின்று வண்டியை விடுகிறவர்கள் ஏராளம்.

2. பலகை இரண்டு இருக்கும். 'பார்த்தென்ஸே' என்பது புறப்பாடு, 'அர்ரீவி' என்பது வருகை. 'பினாரியோ' என்றால் நடைமேடை. 'ரிதார்தோ' என்ற சொல்லோடு எண் தெரிந்தால் அத்தனை நிமிடத் தாமதம்.

3. சீட்டை இயந்திரத்தில் வாங்கினால், அருகில் வந்து உதவுகிறேன் என்பவரிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள். சீருடை இல்லாதவர் நிலைய ஊழியர் அல்ல. பணப்பை திறந்திருக்கும் நேரம் அது.

4. தாளில் அச்சிட்ட வட்டாரச் சீட்டை, ஏறுமுன் நடைமேடைச் சுவரில் இருக்கும் சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை பெற வேண்டும். முத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் செல்லும். முத்திரை இல்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். பரிசோதகர் அபராதம் விதிப்பார். வெளியூர்க்காரர், தெரியாது என்பதெல்லாம் அங்கே செல்லாது. இயந்திரம் பழுதென்றால் ஏறியவுடன் நீங்களே பரிசோதகரைத் தேடிப் போய்ச் சொல்லிவிடுங்கள்.

5. செல்பேசியில் வாங்கிய வட்டாரச் சீட்டுக்கு முத்திரைக்குப் பதிலாக 'செக்-இன்' உண்டு. சீட்டோடு வரும் பொத்தானை ரயிலில் ஏறுவதற்கு முன்பே அழுத்த வேண்டும். பரிசோதகரைப் பார்த்தபின் அழுத்தினால் பயனில்லை. அதிவேக ரயில் சீட்டுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை.

பொலோஞா சென்ட்ராலே நிலையத்தின் அமைப்பை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. 16 முதல் 19 வரையான நடைமேடைகள் நிலத்துக்கு வெகு ஆழத்தில், அதிவேக ரயில்களுக்கானவை. மேலிருந்து இறங்கவே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அதேபோல் பலகையில் '3 ஓவெஸ்ட்' என்று இருந்தால் அது 3ஆம் நடைமேடை அல்ல. ஓவெஸ்ட் என்றால் மேற்கு, எஸ்ட் என்றால் கிழக்கு. அவை பிரதான நடைமேடைகளின் இரு கோடியிலும் தனியாக உள்ளன. 3இல் நின்றுகொண்டு 3 மேற்கின் வண்டி போவதைப் பார்ப்பது இங்கே தினசரிக் காட்சி.

நிலையத்தின் முகப்பில் ஒரு கடிகாரம் 10.25இல் நின்றிருக்கும். பழுதல்ல. 1980 ஆகஸ்ட் 2 அன்று அந்த நேரத்தில் காத்திருப்பு அறையில் வெடித்த குண்டில் 85 பேர் இறந்தார்கள். உள்ளே அவர்களின் பெயர்ப் பலகை இருக்கிறது. வண்டிக்கு நேரமிருந்தால் ஒரு நிமிடம் அங்கே நின்றுவிட்டுப் போங்கள்.

'ஷோப்பெரோ' என்றால் வேலைநிறுத்தம். முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்வார்கள், வெள்ளிக்கிழமைகளில் அதிகம். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் கட்டாயம் ஓடும். அந்த நாளில் எட்டு மணி வண்டியில் போய் ஆறரை மணி வண்டியில் திரும்பினால் பயணம் கெடாது.

எந்த ஊரில் என்ன

இரண்டு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் ஒன்றை ரவென்னாவுக்குக் கொடுங்கள். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டின் கண்ணாடித் துண்டு ஓவியங்கள் இவ்வளவு முழுமையாக எஞ்சியிருக்கும் ஊர் வேறில்லை. எட்டுக் கட்டடங்கள் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. அவற்றில் சான் விதாலே, கல்லா பிளாச்சிதியா கல்லறை மண்டபம், சாந்த் அப்போலினாரே நுவோவோ உள்ளிட்ட ஐந்துக்கு ஒரே கூட்டுச் சீட்டு. கல்லறை மண்டபம் சின்னஞ்சிறியது. நேரம் குறித்துத்தான் விடுவார்கள், உள்ளே ஐந்து நிமிடம்தான். எனவே இணையத்தில் அந்த நேரத்தை முதலில் எடுத்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி வையுங்கள். உள்ளே போனதும் படம் எடுக்க அவசரப்படாதீர்கள். சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல் தகடு என்பதால் மங்கலான ஒளிதான். கண் பழக ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். பழகியபின் கருநீலக் கூரையில் பொன் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும்.

சாந்த் அப்போலினாரே நுவோவோவில், நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் அரண்மனைப் படத்தைத் தேடிப் பாருங்கள். அரசர் தியோதொரிக்கும் அவர் அவையோரும் அந்தப் படத்தில் இருந்தார்கள். ஆட்சி மாறியதும் அந்த உருவங்களைப் பெயர்த்துவிட்டுத் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். ஆனால் தூண்களின் மேல் படிந்திருந்த சில கைகளை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். வெள்ளைத் தூண்களில் உடலில்லாத அந்தக் கைகள் இன்றும் தெரியும். தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்; கோடையில் பையில் ஒரு துப்பட்டா போதும். கூட்டுச் சீட்டில் சேராத கிளாஸ்ஸே தேவாலயம் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டரில் இருக்கிறது. பேருந்திலோ ரயிலில் ஒரு நிறுத்தம் போயோ பார்க்கலாம்.

பார்மாவில் பார்க்க வேண்டியவை இளஞ்சிவப்புக் கல்லால் ஆன எண்கோண ஞானஸ்நான மண்டபமும், பக்கத்துத் தேவாலயக் கூரையில் கொர்ரெஜ்ஜோ வரைந்த ஓவியமும். ஆனால் இந்த ஊர்ப் பக்கம் வருகிறவர்கள் தவறவிடக் கூடாதது பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டிப் பண்ணை. இங்கேதான் பலர் நேரத்தைத் தப்பவிடுகிறார்கள். கட்டி செய்வது காலையில் மட்டும். ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் மணி வடிவச் செப்புக் கொப்பரையில் பால் திரிந்து, துணியில் கட்டித் தூக்குவதைப் பார்க்க முடியும். பதினொன்றுக்குப் போனால் கழுவிவிட்ட தரைதான் இருக்கும். ஒரு சக்கரக் கட்டிக்கு 500 லிட்டருக்கு மேல் பால் செலவாகிறது, எடை 40 கிலோ அளவில் இருக்கும், குறைந்தது 12 மாதம் கிடங்கில் முதிர வேண்டும். பண்ணைகள் ஊருக்கு வெளியே இருப்பதால், பொலோஞாவிலிருந்து வருகிறவர்கள் விடிகாலை ரயிலும் நிலையத்திலிருந்து டாக்சியும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கட்டித் தயாரிப்பாளர் கூட்டமைப்பின் இணையத்தளத்தில் எந்தப் பண்ணை எந்த நாளில் அனுமதிக்கும் என்று பார்த்து முன்பதிவு செய்யலாம். இந்தப் பண்ணைகளின் மாடுகளைப் பேணுகிறவர்களில் பஞ்சாபிகள் ஏராளம். ரெஜ்ஜோ எமிலியாவுக்கு அருகே நொவெல்லாராவில் அவர்களுடைய பெரிய குருத்துவாரா ஒன்றும் உண்டு.

மோதெனாவுக்கு அரை நாள் போதும். 1099இல் கட்டத் தொடங்கிய தேவாலயத்தின் முகப்புச் சிற்பங்களை நின்று பாருங்கள்; பிறகு அல்பினெல்லி சந்தைக்குப் போங்கள். சந்தை காலையில்தான் களைகட்டும். பால்சாமிக் வினிகர் வாங்குகிறவர்கள் இரண்டு பெயரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'ஐ.ஜி.பி.' முத்திரை உள்ளது, திராட்சைச் சாறும் வினிகரும் கலந்து குறைந்தது 60 நாள் வைத்தது. சாலட்டுக்கு நல்லது, விலை குறைவு. 'திராதிஸியொனாலே' என்றும் 'டி.ஓ.பி.' என்றும் எழுதியிருப்பது, காய்ச்சிய திராட்சைச் சாறு மட்டுமே, மர மிடாக்களில் குறைந்தது 12 ஆண்டு இருந்தது. 'எக்ஸ்த்ராவெக்கியோ' என்றால் 25 ஆண்டு. உருண்டையான ஒரே மாதிரி 100 மில்லிக் குப்பியில்தான் இது வரும். 40 யூரோவுக்கு மேல்தான் விலை. சமையலில் ஊற்றிக் காய்ச்சிவிடாதீர்கள். பாலாடைக்கட்டித் துண்டின் மேலோ வெண்ணிலா ஐஸ்கிரீம் மேலோ சில சொட்டு போதும்.

ஃபெர்ராரா மிதிவண்டி ஊர். நிலையத்தருகே வாடகைக்கு எடுத்து, ஊரைச் சுற்றிய ஒன்பது கிலோமீட்டர் பழைய மதிலின் மேல் மர நிழலில் ஓட்டுங்கள். மேடு பள்ளம் இல்லை, குழந்தைகளும் ஓட்டலாம்.

பொலோஞாவிலேயே ஒரு நாள் வேண்டும். ஊரின் அடையாளமான அசினெல்லி கோபுரத்தில் ஏற நினைத்துப் போகாதீர்கள். பக்கத்துச் சாய்ந்த கோபுரமான கரிசெந்தாவின் நிலை கவலை தந்ததால் 2023 அக்டோபரில் அதை மூடினார்கள். மேலிருந்து ஊரைப் பார்க்க, பியாஸ்ஸா மஜ்ஜோரேவில் நகர மாளிகையின் கடிகாரக் கோபுரம் இருக்கிறது. சான் லூக்கா தேவாலயத்துக்கு ஏறும் நடைக்கூரை 666 வளைவுகளுடன் கிட்டத்தட்ட 3.8 கிலோமீட்டர் நீளம். மெலோன்செல்லோ வளைவு வரை பேருந்தில் போய், அங்கிருந்து ஏற்றத்தை மட்டும் நடந்தால் முக்கால் மணி நேரம்.

தேவாலயங்கள் பல நண்பகல் முதல் மூன்றரை வரை மூடியிருக்கும். அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை அதிகம். எனவே திங்கட்கிழமையைச் சந்தைக்கும் மிதிவண்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

முதலில் நேரம். மதியம் 12.30 முதல் 2.30 வரை, இரவு 7.30 முதல் 10 வரை. நடுவில் சமையலறை மூடியிருக்கும். மாலை நான்கு மணிக்குப் பசியோடு நல்ல உணவகம் தேடினால், சுற்றுலாப் பயணிக்கென்றே நடத்தும் இடங்கள்தான் திறந்திருக்கும்; அங்கே சாப்பிட்டுவிட்டு இத்தாலிய உணவு இவ்வளவுதானா என்று நினைப்பது நியாயமில்லை. வாசலில் படம் போட்ட பட்டியலும் உள்ளே வரச் சொல்லி அழைக்கும் ஆளும் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். 'திராத்தோரியா' என்ற நல்ல சிறிய உணவகங்களில் வெள்ளி, சனி இரவும் ஞாயிறு மதியமும் இடம் கிடைக்காது. சில நாள் முன்பே விடுதியாரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பட்டியலில் முன்னுணவு, 'ப்ரீமி' என்ற பாஸ்தா, சூப் வகைகள், 'செகோந்தி' என்ற இறைச்சி, மீன் வகைகள், 'கொந்தோர்னி' என்ற காய்கறி என வரிசை இருக்கும். எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. ஒரு ப்ரீமோவும் ஒரு கொந்தோர்னோவும் போதும். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ரசீதில் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்கு 2, 3 யூரோ இருக்கும். அது மேசைக்கும் ரொட்டிக்கும் உள்ள வழக்கமான கட்டணம். தனியாக டிப்ஸ் தேவையில்லை. நீங்கள் கேட்காமல் ரசீது வராது, ஏனென்றால் கேட்காமல் வைப்பது விரட்டுவது போலாகும். 'இல் கொந்தோ, பெர் ஃபவோரே' என்று சொல்லுங்கள்.

இந்த ஊரில் ஸ்பகெட்டி பொலொனேஸ் கேட்காதீர்கள், அப்படி ஓர் உணவு இங்கே இல்லை. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்த 'ராகு'வை, முட்டை சேர்த்த பட்டைப் பாஸ்தாவான தல்யத்தெல்லேயோடுதான் தருவார்கள். மெல்லிய ஸ்பகெட்டியில் ராகு ஒட்டாமல் தட்டின் அடியில் தங்கிவிடும். அகலமான, சொரசொரப்பான தல்யத்தெல்லே அதைப் பற்றிக்கொள்ளும். இறைச்சி உண்பவர்கள் இறைச்சிச் சாற்றில் மிதக்கும் தொர்தெல்லீனியையும் விடாதீர்கள்.

சைவர்களும் பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டிய வட்டாரம் இது. காரணம், இறைச்சி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். 'ஸ்த்ருத்தோ' என்ற பன்றிக் கொழுப்பை ரொட்டிகளில் சேர்ப்பார்கள். பியாதீனா என்ற சப்பாத்தி போன்ற ரொட்டி, பொரித்த கிரெஷெந்தீனே, ஃபெர்ராராவின் முறுக்கிய ரொட்டி எல்லாவற்றிலும் இது இருக்கலாம். ஆலிவ் எண்ணெயில் செய்த பியாதீனாவும் பல கடையில் உண்டு. 'ச்சே லோ ஸ்த்ருத்தோ?' என்று கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள். சூப் வகைகளின் அடிச்சாறு பெரும்பாலும் இறைச்சியில் எடுத்தது. பார்மிஜானோ கட்டி கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைப்பது. அதை ஏற்காதவர்கள் 'சென்ஸா பார்மிஜானோ' என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மேலே தூவித்தான் வரும். கைப் பாஸ்தாவில் நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை. முட்டை வேண்டாதவர்கள் காய்ந்த பாஸ்தாவான ஸ்பகெட்டி, பென்னே போன்றவற்றைத் தக்காளிச் சாற்றுடன் கேட்கலாம். மதுவைத் தவிர்ப்பவர்கள் ராகு, ரிசோத்தோ என்ற அரிசி உணவு, சில இனிப்புகள் ஆகியவற்றில் ஒயினோ மதுச்சாறோ இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சொல்ல வேண்டிய வாக்கியம்: 'சோனோ வெஜெதாரியானோ, நோன் மாஞ்ஜோ கார்னே நே பெஷ்ஷே.' சைவன், இறைச்சியும் மீனும் உண்பதில்லை என்று பொருள். பெண்கள் வெஜெதாரியானா என்று முடிக்க வேண்டும். முட்டையும் வேண்டாம் என்றால் 'நே உவோவா' என்று சேர்க்கவும். வெறும் சைவம் என்று மட்டும் சொன்னால் உப்பிட்ட பன்றித் தொடைச் சீவலை இறைச்சிக் கணக்கில் சேர்க்காமல் கொண்டுவரும் இடமும் உண்டு.

முட்டையும் பாலாடைக்கட்டியும் ஏற்கும் சைவர்களுக்கு இங்கே நல்ல விருந்தே இருக்கிறது. வெண்ணெயிலும் சேஜ் இலையிலும் புரட்டிய, ரிக்கோத்தா என்ற மென்மையான பாலாடைக்கட்டி அடைத்த பெரிய தொர்தெல்லோனி (பெயர் ஒத்திருந்தாலும் தொர்தெல்லீனி வேறு, அதில் பன்றி இறைச்சி உண்டு), பார்மாவின் கீரை அடைத்த தொர்தெல்லி, ஃபெர்ராராவின் பூசணி அடைத்த கப்பெல்லாச்சி. பூசணியில் இனிப்பு தூக்கலாக இருக்கும்; ராகு ஊற்றாமல் 'புர்ரோ எ சால்வியா' (வெண்ணெயும் சேஜும்) என்று கேளுங்கள். பீட்சாவில் மரினாராவுக்குப் பாலாடைக்கட்டி கிடையாது: தக்காளி, பூண்டு, ஓரிகனோ மட்டும். 'பெப்பெரோனி' என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், அங்கே அதற்குக் குடைமிளகாய் என்று பொருள். 'அச்சுகே', 'அலீச்சி' என்றால் நெத்திலி போன்ற மீன்.

காப்பிக்கு நின்று குடிப்பதற்கு ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் வேறு விலை. நின்று குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள் முடியும். சில இடங்களில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, சீட்டைக் காப்பி போடுபவரிடம் நீட்ட வேண்டும். முன்னால் இருப்பவர் செய்வதைப் பாருங்கள், புரிந்துவிடும். 'காஃபே' என்றால் இரண்டு வாய் எஸ்பிரெஸ்ஸோ. 'லாத்தே' என்று கேட்டால் ஒரு கோப்பை வெறும் பால் வரும். நம் ஊர்க் காப்பிக்குக் கிட்ட வருவது 'காஃபே லாத்தே'. கழிவறை வேண்டுமென்றால் பொதுக் கழிவறையைத் தேடி அலைவதைவிட ஒரு காப்பி வாங்கிக் கேட்பது எளிது.

சமையலறை உள்ள வீடு எடுத்தவர்கள் சூப்பர் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது பிளாஸ்டிக் கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும். வெறுங்கையால் தொட்டால் சொல்வார்கள். தட்டில் எழுதியிருக்கும் எண்ணை நினைவில் வைத்து, எடைப் பொறியில் அந்த எண்ணை அழுத்தி, வரும் ஒட்டுச்சீட்டைப் பையில் ஒட்டிக் கல்லாவுக்குக் கொண்டுபோங்கள். ஒட்டாமல் போனால் வரிசை முழுக்கக் காத்திருக்கும். அரிசி, பருப்பு, மசாலாவுக்கு ரயில் நிலையத்தின் வடக்கே பொலொஞ்ஞீனா வட்டாரத்தில் தெற்காசிய மளிகைக் கடைகள் உண்டு.

கார்

இந்தத் திட்டத்துக்குக் கார் தேவையில்லை. செலவும் ஆபத்தும்தான் கூடும். பழைய ஊர்களின் நடுப்பகுதி 'ஸெத்தா தி எல்லே' எனப்படும் கட்டுப்பாட்டு வட்டம். அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா எண்ணைப் படித்துவிடும். நுழையும் ஒவ்வொரு முறையும் தனி அபராதம், அதற்குமேல் வாடகை நிறுவனத்தின் கட்டணம். ஊர் திரும்பிப் பல மாதம் கழித்துத்தான் கடிதம் வரும். மலைப்பக்கம் போகக் கார் எடுத்தே ஆக வேண்டுமென்றால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். விடுதி அந்த வட்டத்துக்குள் இருந்தால், வண்டி எண்ணை அனுமதிப் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கிளம்பும் நாள்

பாலாடைக்கட்டி வாங்கினால் 'சோத்தோவுவோத்தோ' என்று சொல்லுங்கள், காற்றை உறிஞ்சி அடைத்துத் தருவார்கள். 24 மாதமோ அதற்கு மேலோ முதிர்ந்தது வெளிச்சூட்டை நன்றாகத் தாங்கும். ஒரே கடையில் ஒரே நாளில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கு விற்பனை வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். 'டாக்ஸ் ஃப்ரீ' சேவை தரும் கடையில் கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பு சுங்கத்தில் பொருளையும் படிவத்தையும் காட்ட வேண்டும். பெட்டி உள்ளே போனபிறகு காட்டப் பொருள் இருக்காது, வரியும் திரும்பாது. இதற்காக வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாக ஒற்றைத் தண்டவாள வண்டியைப் பிடித்துவிடுங்கள்.